டானிக் குடித்த குளம்

போன மாதம் என் தங்கை மகன் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். வங்கி வேலையை விட்டுவிட்டு அனந்தபுரம் பக்கத்தில் நிலம் வாங்கி, குளம் வெட்டி, மீன் வளர்க்கிறவன். டப்பாவின் மேல் ஒரு கட்லா மீன் பயில்வான் மாதிரி மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற படம் இருந்தது. மீனுக்கு மார்பு ஏது என்று படம் போட்டவனும் யோசிக்கவில்லை, காசு கொடுத்து வாங்கினவனும் யோசிக்கவில்லை.

“மாமா, இதத் தீவனத்துல கலந்து போட்டா ரெட்டிப்பு வளர்ச்சியாம். கம்பெனி ஆளே நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாரு. உங்க காலத்துல இதெல்லாம் எங்க இருந்திருக்கும்?” என்றான்.

இருந்ததப்பா, இருந்தது. இதைவிடப் பெரிய டப்பாவில் இருந்தது. ஓய்வுபெற்றோர் சங்கத்து இளையவர்கள், அதாவது என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்த கிழவர்கள், மறக்க முடியாத அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று வெகு நாளாகக் கேட்கிறார்கள். மந்திரி வந்தார், மாலை போட்டார் என்று ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. எனக்கு மறக்க முடியாதது ஒரு டப்பாதான். அதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தேன். பதவியின் பெயர் மீன் துறை சப்-இன்ஸ்பெக்டர். செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரோ ‘புது சப்-இன்ஸ்பெக்டர்’ என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். ஒரு வாரம் எனக்குத் தனி நாற்காலி, கெட்டிப் பால் டீ. மீனுக்குத்தான் நான் சப்-இன்ஸ்பெக்டர் என்று தெரிந்த அன்றைக்கு நாற்காலி போயிற்று, டீயில் பாலும் குறைந்தது. 

பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. கரும்பலகையில் மீனின் குடலை வரைந்து காட்டினார்கள், நாங்களும் வரைந்தோம். உருப்படியாகக் கற்றது ஒரு வித்தைதான். குளத்தில் இறங்கி, முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட வேண்டும். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் அந்தத் தண்ணீரில் மீனுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. பச்சை படர்ந்து உள்ளங்கை மறைந்தால் தண்ணீரே தீனியாக இருக்கிறது என்று அர்த்தம். கை முழுகும் முன்பே, மணிக்கட்டு அளவிலேயே மறைந்தால் ஆபத்து. இதற்கு வேண்டியது ஒரு கையும், வேட்டியை மடித்துக் கட்டும் மனசும்.

எங்கள் மேலதிகாரிக்குக் கை இருந்தது. இரண்டாவது இல்லை. அவர் பெயர் வேண்டாம், பிள்ளைகள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறார்கள். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் டானிக். சாப்பாட்டுக்கு முன் ஒரு கரண்டி, பின் ஒரு கரண்டி என்று ஏதோ ஒரு சிவப்பு டானிக்கைக் குடிப்பார். கேம்ப் வந்தாலும் பாட்டில் கூடவே வரும். இத்தனைக்கும் ஆள் அகப்பைக் காம்பு மாதிரி இருப்பார். தண்ணீர்ப் பக்கம் மூன்று முழத்துக்குள் வரமாட்டார், பாலிஷ் போட்ட பூட்ஸ் நனைந்துவிடும். கரைமேல் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, பூதக்கண்ணாடியை எடுத்துத் தண்ணீரைப் பார்ப்பார். அவ்வளவு தூரத்திலிருந்து பூதக்கண்ணாடியில் என்ன தெரியும் என்று நான் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். என் மூக்கு நுனி தெரிந்தது. மீனை மீன் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. ‘ஸ்டாக்’ என்பார்.

ஒருநாள் ஜீப்பில் ஒரு பெரிய தகர டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே ரோஸ் நிறத்தில் பவுடர், மீனுக்கு டானிக்காம். ஈஸ்ட்டாம், கோபால்ட் உப்பாம், இன்னும் என்னென்னவோ தாதுவாம். வெளிநாட்டில் மாடு, கோழிக்கெல்லாம் இப்படித்தான் கொடுக்கிறார்களாம். உலகத்தில் யாரோ நேர்மையாக ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்ததாகத்தான் இருக்கும், அதில் எனக்குத் தகராறு இல்லை. அது இவர் கைக்கு வந்து சேர்ந்ததுதான் மீன்களின் தலையெழுத்து.

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகிற சாலையை விட்டு உள்ளே போனால் ஒரு சிற்றூர். அங்கே துறைக்கு இரட்டைக் குளம் இருந்தது. நடுவில் ஒரே ஒரு கரை. ஒரே அளவு, ஒரே ஆழம், ஒரே நாளில் விட்ட ஒரே வயதுக் குஞ்சுகள். பவுடரைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் டானிக் என்ன உத்தரவு போட்டார் தெரியுமா? மேற்குக் குளத்துக்குத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு, அதோடு பவுடர். கிழக்குக் குளத்துக்கு ஒன்றும் கிடையாது. தவிடுகூடக் கிடையாது.

“சார், ரெண்டு குளத்துக்கும் ஒரே தீனி போட்டு, ஒண்ணுல மட்டும் பவுடர் சேத்தாத்தானே பவுடர் என்ன செஞ்சுதுன்னு தெரியும்?” என்று கேட்டேன்.

“மிஸ்டர், நீங்க சப்-இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்ட் பண்ணுங்க. சயின்ஸ நான் பாத்துக்கறேன்” என்றார்.

தின்றவன் பெருப்பான், பட்டினி கிடந்தவன் இளைப்பான். இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜீப்பும் ஒரு பூதக்கண்ணாடியும் எதற்கு? இருந்தாலும் மாட்டேன் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. செய்தோம்.

மேற்குக் குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காவலுக்கு முனுசாமி. அந்த ஊர்க்காரன், முப்பது தாண்டியவன், தினக்கூலி. ரோஷக்காரன். ‘என்னப்பா’ என்று கூப்பிட்டால்கூட ‘எனக்குப் பேரு இருக்குது’ என்பான். அவனுக்குத் தளவானூரில் ஒரு பெண்ணைப் பார்த்துப் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளைக்குச் சர்க்கார் வேலை நிரந்தரம் ஆக வேண்டும். இந்தச் சோதனை நல்லபடி முடிந்தால் நிரந்தரம் செய்கிறேன் என்று டானிக் வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் முனுசாமி அந்தப் பவுடரை விபூதி மாதிரி பயபக்தியோடு அள்ளிக் கலப்பான்.

நான் கற்ற முறை வேறு. பிண்ணாக்கை முந்தின நாளே ஊறப்போட்டு, தவிட்டோடு பிசைந்து, மூங்கில் தட்டில் வைத்துத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். மிச்சம் இருந்தால் நாளைக்குக் குறைக்க வேண்டும், வழித்துத் தின்றிருந்தால் கூட்டலாம். மீன் வாய் திறந்து கேட்காது, தட்டுதான் அதன் வாய். டானிக்குக்குத் தட்டு பிடிக்கவில்லை. பார்க்க அழகாக இல்லையாம். கரையில் நின்று வாரி இறைக்கச் சொன்னார். மீன் தின்றதா, சேறு தின்றதா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் போயிற்று.

இதற்கிடையில் ஊர் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் காலையில் முனுசாமி மேற்குக் குளத்தில் தீனி இறைப்பான். அந்தச் சத்தம் கேட்டுக் கிழக்குக் குளத்து மீன்களும் கரையோரம் கூடும். அவற்றுக்கு ஒன்றும் விழாது. தண்ணீருக்கு வந்த பெண்கள் இதைப் பார்த்துவிட்டார்கள்.

“இந்தக் கொளத்து மீனு இன்னா பாவம் பண்ணுச்சு? பந்தி வஞ்சனை பண்றானுங்களே பாவிங்க” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். 

ஒரே பந்தியில் உட்கார வைத்து ஒரு இலைக்குப் போட்டு இன்னொரு இலைக்குப் போடாமல் போவதைவிடப் பெரிய பாவம் அந்த ஊரில் கிடையாது. அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். கழுநீர், அரிசி நொய், கேழ்வரகுக் களி, பானை வழித்த கம்பங்கூழ், ஆளாளுக்குக் கைக்கு வந்ததைக் கிழக்குக் குளத்தில் கொட்டினார்கள். அவர்களுக்கெல்லாம் தலைவி பத்மாவதி அம்மாள். குளத்தை ஒட்டிக் கடலைக்காய் நிலம் வைத்திருந்த ஜைனக் குடும்பத்து அம்மாள், ஊரார் ‘நயினாரம்மா’ என்பார்கள். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். அந்த அம்மாள் தான் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு கூடையில் பிண்ணாக்கைப் பொடித்துக் கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் கை கழுவுவார்.

ஒருநாள் அவரிடம், “அம்மா, கடைசியில இது வலைக்குப் போற மீன்தானே, நீங்க இதுக்குத் தீனி போடலாமா?” என்று கேட்டேன்.

“நீங்க அப்புறம் இன்னா பண்றீங்கன்னு நான் கேக்கல தம்பி. அது உங்க பாவம். இருக்கிற வரைக்கும் பட்டினி போடாதீங்க, அது என் கண்ணுல படுது” என்றார்.

இன்னொன்றும் நடந்தது. மேற்குக் குளத்தில் வேலி போட்டுவிட்டதால், ஊர் மாடெல்லாம் கிழக்குக் குளத்துக்கு வந்தது. குளித்தது, குடித்தது, போகிற போக்கில் சாணியும் போட்டது. பங்குனி பிறப்பதற்குள் அந்தத் தண்ணீர் பச்சைப் பட்டாக மாறிவிட்டது. கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மறைந்தது. பாடப் புத்தகத்தில்கூட அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. மேற்கே மணிக்கட்டோடு கை மறைந்தது, நாற்றம் வேறு.

நான் டானிக்கிடம் சொன்னேன், மேற்கே தீனி மிஞ்சி அடியில் அழுகுகிறது என்று. அவர் செஞ்சி டி.பி.யில், அதாவது பயணிகள் பங்களாவில், தங்கியிருந்தார். நேரில் பார்க்கிறேன் என்று மறுநாள் விடிகாலையில் வந்தார். மேற்குக் குளம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

“பாத்தீங்களா மிஸ்டர், அப்பிடைட்ட! பசியோட க்யூல நிக்குது. இன்னும் ரெண்டு பங்கு போடச் சொல்லுங்க” என்றார்.

நாள்கணக்கில் தின்னாமல் அடியில் கிடந்த தீனி அழுகி, தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டது. மூச்சுக்குத் தவித்து மேலே வந்த உயிர்கள் அவை. மூச்சுத் திணறுகிறவன் வாயில் லட்டைத் திணிக்கிற காரியத்தைச் செய்யச் சொல்கிறார் இந்த மனிதர். நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. முனுசாமி என் முகத்தைப் பார்த்தான், அவர் முகத்தைப் பார்த்தான், இரண்டு பங்கு போட்டான். நிரந்தரம் அவர் கையில்தானே இருந்தது.

அடுத்த நாள் விடியும்போது நான் போய்ச் சேர்ந்தேன். சில மீன்கள் வயிறு மேலாகக் கிடந்தன. மற்றவை திசை தெரியாமல் சுற்றின. முனுசாமி தலையில் கை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தான். “போச்சு சார், எல்லாம் போச்சு” என்றான். அவனை இழுத்துத் தண்ணீரில் இறக்கினேன். நானும் இறங்கினேன். ஆளுக்கொரு மூங்கிலை எடுத்துத் தண்ணீரை அடித்தோம். அடித்தால் காற்று கலக்கும், ஆனால் இரண்டு பேர் அடித்து அந்தக் குளத்துக்கு என்ன ஆகும்? பெண்கள் குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். பத்மாவதி அம்மாளும் வந்தார். ஒரு பார்வை பார்த்தார்.

“உசுரு போவுது, நின்னு வேடிக்க பாக்கறீங்க! இன்ஜினைப் போடுங்கடா!” என்று தன் நிலத்து ஆட்களைப் பார்த்துக் கத்தினார்.

அவருடைய கிணற்றில் ஆயில் இன்ஜின் இருந்தது. அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் அடியோடு அடியாகக் கிடந்தது. கடலைக்காய்ச் செடி ஒரு தண்ணீருக்கு ஏங்கி நின்றது. அந்தத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி மேற்குக் குளத்தில் விட்டார். தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு பனையோலைத் தட்டியைப் பிடிக்கச் சொன்னேன், தட்டியில் பட்டுச் சிதறி விழுந்தால்தான் காற்று கலக்கும். வெயில் ஏறும் வரைக்கும் இன்ஜின் ஓடியது. மீன்கள் ஒவ்வொன்றாக அடிக்குப் போயின. முக்கால்வாசி பிழைத்தது. அவர் நிலத்தில் ஒரு பக்கத்துச் செடி வாடியது வாடியதுதான்.

வெயில் உச்சிக்கு வந்தபோது டானிக் குடையோடு வந்தார். நிலவரத்தைச் சொன்னேன். குளத்தைப் பார்த்தார்.

“இவ்ளோ ஆபத்துலயும் ஸ்டாக் தாங்கியிருக்கு பாருங்க. அதான் டானிக்கோட ரெசிஸ்டன்ஸ்” என்றார்.

அன்றைக்கு நான் கையில் வைத்திருந்த மூங்கிலைக் கீழே போட்டேன். வைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

சித்திரையில் மாவட்டத்துப் பெரிய அதிகாரி வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் டானிக் ஒரு ஒத்திகை வைத்தார். இழுவலை போட்டு இரண்டு குளத்திலிருந்தும் மீன் எடுத்தோம். ஈரத்துணியில் சுற்றி நிறுத்து, மூக்கிலிருந்து வால் வரை அளந்து, திருப்பித் தண்ணீரில் விட வேண்டும். மேற்கு மீன் நோயாளி மாதிரி தலை பெருத்து உடல் சூம்பி வந்தது. கிழக்கு மீன் வலையைக் கிழிக்கிற மாதிரி துள்ளியது. எடை போடத் தேவையே இல்லை, கண்ணாலேயே தெரிந்தது. ஊர் கூடி நின்று பார்த்தது.

டானிக்கின் முகம் வெளுத்தது. முனுசாமியைப் பார்த்து, “டேய், பவுடர எந்தக் குளத்துல போட்ட?” என்று கத்தினார். 

கத்தின வேகத்திலேயே அவருக்கு ஒரு யோசனை வந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்று அந்த யோசனை வருவதைக் கண்ணால் பார்த்தேன். பவுடர் தவறிப்போய்க் கிழக்குக் குளத்தில் விழுந்திருந்தால், கிழக்கு மீன் வளர்ந்தது பவுடரால்தானே? பட்டினி போட்ட குளம் மேற்கு, டானிக் குடித்த குளம் கிழக்கு! சோதனை ஜெயம். காவல்காரன் ஒருவனுக்குத் திசை தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் குரல் உடனே தேனாகிவிட்டது. 

“முனுசாமி, தப்பு எல்லாருக்கும் வரும்ப்பா. கிழக்குக் குளத்துலதான் போட்டேன்னு நாளைக்குப் பெரியவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு. உன் பர்மனென்ட் என் பொறுப்பு.”

பத்மாவதி அம்மாள் முன்னால் வந்தார். “கெழக்கால கொளத்துக்கு நாங்கதான் சார் போட்டோம். களியும் பிண்ணாக்கும் போட்டோம். அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணல” என்றார்.

“கவர்ன்மென்ட் மீனுக்குத் தீனி போட உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?”

“ஒரே பந்தியில ஒக்கார வச்சு ஒரு எலைக்குப் போட்டுட்டு இன்னோர் எலைய வெறும் எலையா வச்சீங்களே, உங்களுக்கு யாரு சார் பர்மிசன் குடுத்தா?”

ஊர் சிரித்தது. டானிக் சிரிக்கவில்லை. “ஒரே வார்த்தை, முனுசாமி” என்றார். 

எல்லோரும் முனுசாமியைப் பார்த்தார்கள். தளவானூர்ப் பெண் அவன் கண் முன்னால் வந்து நின்றிருப்பாள், எனக்குச் சந்தேகமில்லை. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“மேக்கு எது, கெழக்கு எதுன்னு தெரியாதவனா சார் நானு? தெனம் செஞ்சிக் கோட்டைக்குப் பின்னாடி பொழுது எறங்கறதப் பாத்துட்டுத்தான் ஊட்டுக்குப் போறன். அது மேக்கு. பவுடரு அங்கதான் போட்டன். அதத் துன்னுதான் மீனு செத்துச்சு. ஊரு ஊரா அதப் போடறதுக்கு நான் பொய் சொல்லணுமா? ஒங்க வேல ஒங்களோட இருக்கட்டும்.”

மறுநாளிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. பெரிய அதிகாரி வந்தார், கிழக்குக் குளத்து மீனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். நான் கரையில் அவரை மறித்து நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். “அதெல்லாம் சரி மிஸ்டர். மாட்டுச் சாணியும் கேழ்வரகுக் களியும்னு ரிப்போர்ட்ல எப்படி எழுதறது?” என்றார். எழுதவில்லை. கிழக்குக் குளம் டானிக் குடித்த குளமாகவே ரிப்போர்ட்டில் ஏறிக் கோட்டை தாண்டிப் போயிற்று. பவுடர் டப்பா பல ஊர்களுக்கும் போனது. அங்கெல்லாம் மீன் விடிகாலையில் வாயைத் திறந்தது. அங்கெல்லாம் ஒரு காவல்காரனுக்குத் திசை தெரியாமல் போயிருக்கும். டானிக் பதவி உயர்வில் போனார், நான் கடலோரத்து ஐஸ் ஃபாக்டரிக்கு மாற்றலில் போனேன்.

முனுசாமியைப் பத்மாவதி அம்மாள் தன் இன்ஜினுக்கு ஆளாக வைத்துக்கொண்டார். தளவானூர்ப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நான் ஓய்வு பெறுகிற நாளில் மாலை போட்டு என்னைப் புகழ்ந்தவர்கள் எல்லாம் மேற்கை மேற்கு என்று ஒரே ஒரு முறைகூட அவனைப் போலச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இத்தனையும் தங்கை மகனிடம் சொன்னேன். உட்கார்ந்து கேட்டான், காபி குடித்தான். “அது அந்தக் காலம் மாமா, இப்ப எல்லாம் லேப்ல டெஸ்ட் பண்ணித்தான் வருது” என்று சிரித்துக்கொண்டே டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். தட்டு வைத்துப் போடு என்று வாசல் வரைக்கும் போய்ச் சொன்னேன். தலையாட்டினான்.

இன்று காலை இதன் கடைசிப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது போன் அடித்தது. இன்னும் சரியாக விடியவில்லை. அவன்தான், குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“மாமா, பவுடர் வேல செய்யுது மாமா! மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து நிக்குது. செம பசி போல. இன்னும் ரெண்டு பங்கு போடட்டுமா?”

என் வாயில் வந்தது என் வார்த்தை இல்லை.

“உசுரு போவுதுடா! இன்ஜினைப் போடு!”